வலப்பக்கம் பார்க்கும் புறா

என் அக்கா பீங்கான் சாமான்களைக் கடித்துப் பார்த்து வாங்குகிறவள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏலக்கூடத்துக்கு வந்து நேரில் பார்த்தவர்கள் மட்டும் நம்புகிறார்கள். நம்பிய கையோடு, பக்கத்தில் நிற்கும் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

கடிப்பது என்றால் கரும்பைக் கடிப்பதுபோல அல்ல. தட்டின் விளிம்பையோ கிண்ணத்தின் காதையோ முன்பல்லில் மெல்ல வைத்து அரை அங்குலம் இழுப்பாள், அவ்வளவுதான். சூளையில் வெந்த பீங்கான் பல்லில் கறாராகப் படும். உடைந்த இடத்தைப் பசையால் நிரப்பி மேலே வண்ணம் பூசியிருந்தால், அந்த இடம் மட்டும் மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும். கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்றலாம், பல்லை ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி.

பல்லைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை உண்டு. செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். பல் வைத்தியர் அச்சு எடுத்து அனுப்புவார், கூடவே ஒரு சீட்டில் நிறத்தின் எண்ணும் வரும். அக்கா பீங்கான் மாவை நீரில் குழைத்து, மயிரிழைத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, குக்கர் உயரமே உள்ள ஒரு சூளையில் சுட்டு எடுப்பாள். அவள் மேசையில் எந்நேரமும் ஏழெட்டுப் பேருடைய பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். நான் அங்கே போனால் டீ குடிக்கவே மாட்டேன்.

பதினைந்து வருடத்துக்கு முன் ஓர் இரும்பு பீரோ வாங்கத்தான் முதன்முதலாக அந்த ஏலக்கூடத்துக்குப் போனாள். நான் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அக்காவின் பீரோவை ஏற்றிவர இலவசமாகப் பிடிபட்டேன். மூன்று மணி நேரம் வெயிலில் வேனோடு காத்துக் கிடந்தேன். அக்கா வந்தாள். கையில் ஒரு பீங்கான் புறா. கைக்குள் அடங்குகிற வெள்ளைப் புறா. தலையை இடப்பக்கம் திருப்பி, யாரோ கூப்பிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பீரோ எங்கக்கா?"

"அது யாருக்குடா வேணும்! இந்த முகத்தைப் பாரு."

எனக்கு வந்த கோபத்தில் வேனையே உதைத்தேன். கால்தான் வீங்கியது.

அன்றைக்குப் பிடித்த பித்து விடவேயில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏலம், அதற்கு இரண்டு நாள் முன்னால் சாமான்களைப் பார்வைக்கு வைக்கும் நாள். இந்த இரண்டுக்கும் அக்கா வராமல் இருந்ததில்லை. பல்கூடத்தில் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டதைவிடப் பார்வை நாளுக்குக் கேட்டதுதான் அதிகம். கிண்ணம், கூஜா, மூக்கு நீண்ட தேநீர்க் கெண்டி, கையகலத் தட்டு என்று வீடு நிறைந்தது. என் அத்தான், அவள் வீட்டுக்காரர், பள்ளியில் கணக்கு வாத்தியார். சுவரை அளந்து அளந்து அலமாரி அடித்தார். கூடத்தில் இடம் தீர்ந்து படுக்கையறை, படுக்கையறையும் தீர்ந்து குளியலறைக்கு வெளியே ஒரு பலகை. கைகழுவப் போகும் விருந்தாளிகள் கையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இத்தனை நெருக்கடியிலும் முதல் புறாவின் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் இடம் காலியாகவே இருந்தது. புறாவின் அடியில் இருந்த சூளை முத்திரையை வைத்து அக்கா எங்கெங்கோ விசாரித்துவிட்டாள். அது ஜோடியில் ஒன்று. இன்னொன்று வலப்பக்கம் பார்க்கும். "அது எங்கயோ இருக்கு. வரும்" என்பாள். ஒருநாள் நான் தெரியாத்தனமாக வேன் சாவியை அந்தக் காலி இடத்தில் வைத்துவிட்டேன். நான் ஏதோ கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைந்ததுபோல ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அத்தானே பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

ஏலக்கூடத்தில் அவளுக்குப் 'பல்லுக்காரம்மா' என்று பெயர். அன்பால் வந்த பெயர் இல்லை. பார்வை நாளில் ஒவ்வொன்றாகப் பல்லில் வைத்துப் பார்த்து, ஒட்டு இருந்தால் கூச்சமே இல்லாமல் உரக்கச் சொல்வாள். "சார், இந்த ஜாடி வாய் ஒட்டு. இந்தத் தட்டு மூணு துண்டு. ஒட்டுன்னா பாதி விலை, தெரியுமில்ல?" ஏலக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டலாக்கில் திருத்தம் எழுதுவார். ஒட்டுக்குப் பாதி விலை என்பது மெல்ல மெல்ல அந்தக் கூடத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது. சாமான் விற்க வருகிறவர்களில் பாதிப் பேர் "அந்தம்மா இன்னைக்கு வருவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

அங்கே பழம்பொருள் வியாபாரி ஒருவரும் வருவார். நான் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. கோட்டுப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து, அக்கா எதைக் கடித்துவிட்டுத் தலையாட்டினாளோ அதையே குறிவைத்துக் கேட்பார். அவருக்கு இலவசமாக ஒரு பரிசோதகர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு வயிறு எரியும். அக்காவோ, "நல்ல பொருளை நாலு பேர் கேக்கத்தான் செய்வாங்க" என்று விட்டுவிடுவாள்.

போன மாதக் கேட்டலாக் வந்த அன்று அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். ஏழு மணிக்கு மேல் ஃபோன் வந்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிற ஆள் நான். "என்னக்கா? அத்தானுக்கு என்ன?" என்று கத்தினேன்.

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. தம்பி, வந்துருச்சுடா."

"என்ன வந்துருச்சு?"

"வலப்பக்கம் பாக்குறது!"

கேட்டலாக்கில் எண் ஐம்பத்தெட்டு. 'பீங்கான் புறா, வலப்பக்கம் திரும்பிய தலை, பழுதில்லாதது.'

பார்வை நாளில் அவளோடு நானும் போனேன். மேசைமேல் புறா நின்றது. அக்கா உடனே தொடவில்லை. கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து வால், இறக்கை, கழுத்து, கடைசியாக அலகு என்று ஒவ்வோர் இடமாகப் பல்லில் வைத்தாள். அந்த அலகு அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, தந்த நிறம். அதன் அடிப்பக்கத்தில் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள்.

"பாத்தியா அந்தப் புள்ளிய? சூளைக்குள்ளயே விழுந்தது. இதெல்லாம் யாராலயும் போலி பண்ண முடியாது. முழுசு, தம்பி. ஒரு குறையும் இல்ல."

ஏலக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். கடைசி வரிசையில் உம்மணாமூஞ்சி பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. பத்து மணிக்கு ஏலம், ஒன்பதுக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். அக்காவின் மடியில், விலை கேட்கும்போது தூக்கிக் காட்டும் எண் அட்டை. அத்தானும் அவளும் பேசி ஓர் எல்லை வைத்திருந்தார்கள். ஆயிரம். அதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று அத்தான் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஐம்பத்தெட்டு இருநூறில் தொடங்கியது. நானூறு வரைக்கும் நாலைந்து பேர் கேட்டார்கள். அறுநூறில் இரண்டே பேர், அக்காவும் உம்மணாமூஞ்சியும். பிறகு ஏட்டிக்குப் போட்டிதான். அவர் எழுநூறு என்றால் இவள் எழுநூற்றைம்பது. அவர் தொள்ளாயிரம் என்றால் இவள் தொள்ளாயிரத்தைம்பது. அவர் சாவகாசமாக "ஆயிரம்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இறக்க வேண்டியவன். என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முழங்கையை நானே தூக்கிவிட்டேன்.

"ஆயிரத்தி நூறு" என்றாள் அக்கா.

பின்னால் உம்மணாமூஞ்சி பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஏலக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆயிரத்தி நூறு ஒரு தரம். ஆயிரத்தி நூறு ரெண்டு தரம். ஆயிரத்தி நூறு மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது.

அக்கா அழவில்லை, சிரிக்கவில்லை, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சாமான் காட்டும் அம்மாள் புறாவைத் தட்டில் வைத்து எங்களை நோக்கி வந்தாள். வழியில் பெரிய சன்னல். முந்தைய பார்வை நாளில் டியூப் லைட் வெளிச்சம்தான். இப்போது காலை வெயில் பக்கவாட்டில் வந்து புறாவின் முகத்தில் விழுந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "அங்கயே நில்லுங்க" என்றாள். அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா அலகுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அலகின் நுனியில் வெயில் லேசாக ஊடுருவித் தெரிந்தது, கொஞ்சம் நீலம் பாரித்து.

"ஐயோ, இது நான் செஞ்சது!" என்று கூவினாள். "சார்! இந்த மூக்கு நான் செஞ்சது!"

கூடம் திரும்பிப் பார்த்தது. நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை. மூச்சு வாங்க அவள் சொன்னது இதுதான். முன்பல் நுனியில் இயற்கையாகவே வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும். அதற்காகப் பல் செய்கிறவர்கள் மூன்று அடுக்கு மாவு வைப்பார்கள், கடைசி அடுக்கு கண்ணாடி மாதிரி. புறா செய்கிறவன் எவனும் அலகுக்கு மூன்று அடுக்கு வைக்க மாட்டான்.

"இருபது வருஷம் இருக்கும். ஒரு பல் டாக்டர் அச்சு அனுப்பினாரு. அச்சுல ஒரு சின்ன முளை மட்டும்தான், வேற ஒண்ணும் இல்ல. சீட்டுல நோயாளின்னு இருக்கிற எடத்துல 'பறவை'ன்னு எழுதியிருந்தாரு. வயசு 'நூறு இருக்கலாம்'னு. பல்கூடத்துல நாங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். அச்சுக்கு ஒரு மூக்கு செஞ்சேன். ரொம்பப் புதுசா தெரியுதேன்னு அடியில ஒரு பழுப்புப் புள்ளியும் வச்சேன். அனுப்பிட்டேன். என்ன பறவைன்னுகூட எனக்குத் தெரியாது சார்!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடைந்த பல்லின் முளைமேல் தொப்பி மாட்டுவதுபோல, உடைந்த அலகின் முளைமேல் இவள் செய்ததை மாட்டிப் பதித்திருக்கிறார்கள். பசை நிரப்பல் இல்லை, வண்ணப் பூச்சு இல்லை. சூளையில் வெந்த அசல் பீங்கான். அதனால்தான் அவள் பல்லுக்குத் தெரியவில்லை. யாராலும் போலி பண்ண முடியாது என்று என்னிடம் காட்டினாளே ஒரு புள்ளி, அதையும் அவள்தான் வைத்திருக்கிறாள்.

ஏலக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "சும்மா சொல்லாதீங்கம்மா. அத்தாட்சி வேணும்" என்றார்.

"காசு கட்டுற எடத்துல கள்ளநோட்டு பாக்குற விளக்கு இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க. திரையை இழுத்துவிடுங்க."

விளக்கு வந்தது. கூடம் இருட்டானது. ஊதா வெளிச்சத்தில் புறாவின் உடம்பு மங்கிக் கிடக்க, அலகு மட்டும் பளீரென்று மின்னியது. இயற்கைப் பல் அந்த வெளிச்சத்தில் ஒளிரும், செய்த பல் ஒளிராவிட்டால் ஓட்டைப் பல்லாகத் தெரியும், அதனால் பல் மாவிலேயே ஒளிர்கிற சத்து ஒன்று கலந்திருக்கிறார்கள் என்று அக்கா விளக்கினாள். விளக்கவே தேவையில்லாமல், வேடிக்கை பார்க்கக் குனிந்த அத்தனை பேரின் பற்களும் இருட்டில் மின்னின. கூட்டம் நிஜமாகவே வாயெல்லாம் பல்லாக நின்றது. உம்மணாமூஞ்சியும் எட்டிப் பார்த்தார். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கறுப்பாக இருந்தது.

"சார், உங்க முன்பல்லு ரெண்டையும் யாரு செஞ்சது?" என்றாள் அக்கா, உண்மையான அக்கறையோடு. "மட்டமான மாவு. ஏமாத்திட்டாங்க."

கூடம் சிரித்த சிரிப்பில் சன்னல் அதிர்ந்தது. திரையை விலக்கியபோது உம்மணாமூஞ்சி வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். ஆனால் ஆள் வியாபாரி. கைக்குட்டைக்குள்ளிருந்தே, "அப்ப ஒட்டுதானே? ஒட்டுன்னா பாதி விலை. பல்லுக்காரம்மா போட்ட சட்டம்" என்றார்.

ஏலக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நியாயம்தான். பழுதில்லன்னு தப்பா போட்டது நாங்க. வேண்டாம்னா விட்டுடுங்கம்மா, மறுபடி ஏலம் விடுறோம். வேணும்னா பாதி கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க, ஐநூத்தி அம்பது. வித்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லைக்கு மேலே போய்விட்டோமே, அத்தான் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தவன் நான். "கட்டுக்கா, கட்டுக்கா" என்று அவள் தோளைத் தட்டினேன்.

அக்கா புறாவைக் கையில் எடுத்தாள். அலகைக் கட்டைவிரலால் தடவினாள். அவள் முகத்தில் அத்தனை நேரம் இருந்த பரபரப்பு போய், நான் பார்த்திராத ஒரு பிடிவாதம் வந்தது.

"முழுசும் கட்டுறேன்" என்றாள்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா?"

"நீ சும்மா இருடா." ஏலக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், இத்தன வருஷமா நான் பாதி விலை கேட்டதெல்லாம் பூசி மறைச்ச ஒட்டுக்கு. இது பூசினது இல்ல, செஞ்சது. முந்தாநாள் இதே கையில வச்சுப் பாத்தேன், முழுசுன்னு நானே சொன்னேன். அந்தக் காலத்துல இதைச் செஞ்ச ஆளு வேலைக்கும் என் வேலைக்கும் எனக்கே வித்தியாசம் தெரியல. அப்ப அவரு செஞ்சதுக்கு முழு விலை, நான் செஞ்சதுக்கு மட்டும் ஏன் பாதி?"

ஆயிரத்து நூறு அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று, அத்தானோடு நின்று அலமாரிக்கு ஆணி அடித்த எனக்குத் தெரியும். ஆனால் அவள் அந்த ஐநூற்றைம்பதை மிச்சம் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், இருபத்தாறு வருடத்தையும் பாதிக்கு விற்றுவிட்டு வந்த மாதிரி ஆகியிருக்கும். அது எனக்கே உறைத்தது, எனக்கே உறைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் எழுத்தர் ரசீதில் விவரம் திருத்த வேண்டியிருந்தது. 'அலகு பிற்காலப் பழுது' என்று எழுத ஆரம்பித்தார்.

"பழுதுன்னு எழுதாதீங்க" என்றாள் அக்கா. "பழுதாத்தான் வந்துச்சு. நான் சரி பண்ணேன்."

"அப்ப எப்படி எழுத? 'அலகு பின்னாளில் செய்தது'ன்னு போடவா?"

"போடுங்க. செஞ்சது யாருன்னும் போடுங்க."

எழுத்தர் நிமிர்ந்து ஏலக்காரரைப் பார்த்தார். ஏலக்காரர் தலையாட்டினார். எழுத்தர் பெயர் கேட்டார். அக்கா சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், முதலெழுத்து, பெயர், கடைசிப் புள்ளி வரைக்கும். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பேனா நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் செய்த பற்கள் எத்தனை ஆயிரம் வாயில் இருக்கின்றனவோ, ஒன்றில்கூடச் செய்தவள் பெயர் கிடையாது. வாய்க்குச் சொந்தக்காரர்களுக்கும் அவள் யாரென்று தெரியாது.

வெளியே வரும்போது உம்மணாமூஞ்சி வாசலில் நின்றிருந்தார். கைக்குட்டையை எடுக்காமல், "உங்க பல்கூடம் எந்தத் தெருவுலம்மா?" என்று கேட்டார். அக்கா வழி சொன்னாள். வேனில் ஏறியதும் புறாப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டாள், வண்டி ஓட்டுகிறவன் மடியில்! அவள் இரண்டு கையாலும் ரசீதைப் பிடித்துப் படித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிக்னலில் நின்றபோது அவளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் என் அக்கா என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தை இந்த வயதில் யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் ஹாரனை அடித்தேன்.

அத்தான் வாசலிலேயே நின்றார். "எவ்வளவு ஆச்சு?" என்றார், கணக்கு வாத்தியார் அல்லவா.

அக்கா பதில் சொல்லாமல் ரசீதை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தொகை இருந்த மேல் வரியைத் தாண்டிக் கீழே போனார். கடைசி வரியில் நின்றார். அதைச் சத்தமாக ஒருமுறை படித்தார், அவள் முழுப் பெயரோடு. ரசீதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் அந்த ரசீதை மாட்ட ஆணி எங்கே அடிப்பது என்று அளக்க ஆரம்பித்தார். அதன்பிறகுதான் புறாவைப் பெட்டியிலிருந்து எடுத்தோம்.